துலக்கிய வெள்ளி

சாவி அம்மிணியின் கைக்கு வந்தது ஆஸ்பத்திரியில்தான். ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அனந்தகிருஷ்ணனின் பூணூலைக் கத்தரித்து, அதில் முடிந்திருந்த சின்னச் சாவியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நர்ஸ் அவளிடம் நீட்டினாள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம். அம்மிணி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷத்தில் அந்தச் சாவியை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை.

பம்பாயில், அவர்களுடைய செம்பூர் வீட்டின் படுக்கையறை பீரோவுக்கு ஓர் உள்ளறை உண்டு. அந்தச் சாவி திறப்பது அதைத்தான். உள்ளே தேக்கில் செய்த மூன்று தட்டுகள், தட்டுக்கு இருபத்தொரு குழிகள், குழிக்குள் பச்சை வெல்வெட், வெல்வெட்டின் மேல் ஒவ்வொரு வெள்ளிக் காசு. மொத்தம் அறுபத்து மூன்று. எல்லாமே ஜெர்மானியக் காசுகள். ஜெர்மனி ஒரே நாடாக ஆவதற்கு முன்னால் அங்கே முப்பது நாற்பது ராஜ்ஜியங்களும் தனி நகரங்களும் இருந்தன. ஒவ்வொன்றும் தன் ராஜாவின் தலையையோ தன் சின்னத்தையோ பொறித்து, தாலர் என்று ஒரு காசை அடித்துக்கொண்டது. ஹானோவர் காசில் பாய்கிற குதிரை. பிரன்ஸ்விக் காசில் மரத்தை வேரோடு பிடுங்கிக் கையில் வைத்திருக்கும் காட்டு மனிதன். சாக்ஸனியில் வரிசையாக ராஜாக்கள். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ராஜா கிடையாது. அதன் காசில் ஒரு பெண்ணின் முகம்.

இதெல்லாம் அம்மிணிக்கு அவர் சொல்லித் தெரிந்ததில்லை. அப்ரார் வரும் நாட்களில் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசுவது சமையலறை வரைக்கும் கேட்கும். அப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்தது. அப்ராருக்கு தாராவியில் தோல் பை வியாபாரம்; பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவரும் தாலர் சேர்ப்பவர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஃபோர்ட்டில் நடந்த ஒரு காசு ஏலத்தில் ஒரே காசுக்கு இரண்டு பேரும் கை தூக்கியதில் பழக்கமானவர்கள்.

அனந்தகிருஷ்ணன் பாலார்ட் எஸ்டேட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் குமாஸ்தாவாக முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கப்பலில் வந்த ஓர் என்ஜினியரின் தொலைந்த பெட்டியை கஸ்டம்ஸ் கிடங்கில் தேடி எடுத்துக் கொடுத்தார் ஒருமுறை. அந்த ஆள் நன்றிக்காகத் தன் பையிலிருந்து பழைய காசு ஒன்றை எடுத்து இவர் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனான். குதிரைக் காசு. அன்றைக்கு ஆரம்பித்தது. வீட்டுச் செலவை நிறுத்தி அவர் ஒருநாளும் காசு வாங்கியதில்லை. ஓவர்டைம், போனஸ் இவற்றில்தான். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குளித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். பன்னிரண்டு மணிக்குத் திறப்பார். அம்மிணி இரண்டாவது காப்பியைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு வருவாள். காசைப் பார்க்கும் அந்த இரண்டு மணி நேரமும் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. மற்ற நேரங்களில் அந்த முகத்தில் அவளுக்கென்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. சாப்பாடு நன்றாயிருந்தால் சாப்பிடுவார். நன்றாயில்லாவிட்டாலும் சாப்பிடுவார்.

டிசம்பரில் ஸ்ட்ரோக் வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வாஷ்பேசினில் சாய்ந்துவிட்டார். நாற்பது நாள் ஆஸ்பத்திரி. வலது பக்கம் முழுதும் போய்விட்டது, பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் கொஞ்சம் அசையும். பிப்ரவரியில் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் வாடகைக் கட்டில் போட்டார்கள். பகலில் பார்த்துக்கொள்ள மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து கோகிலவாணி வந்தாள். நாற்பது வயது, நல்ல பலம். அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் செய்வாள். பெண் வந்தனா கோபர்கைரனேயில் இருந்தாள். பேங்க் வேலை, சனி ஞாயிறில் வருவாள்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று வாரம் அவர் எதையும் பார்க்கவில்லை. கண் திறந்திருக்கும், பார்வை சீலிங் ஃபேனில் இருக்கும். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண், அவருக்குப் பிரியமான சாமான், பாட்டு, போட்டோ ஏதாவது இருந்தால் காட்டுங்கள், மூளை திரும்பவும் வேலை செய்ய அது உதவும் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். வந்தனா உடனே, "அம்மா, அப்பாவோட காசு" என்றாள்.

மறுநாள் மத்தியானம் அம்மிணி பீரோவைத் திறந்து மேல் தட்டை வெளியே இழுத்தாள்.

அவள் நினைத்துக்கொண்டிருந்தது வெள்ளி. தட்டில் இருந்தது கறுப்பு. சிலது நல்ல கறுப்பு, சிலது சாம்பல், சிலவற்றில் ஓரத்தில் நீலமும் ஊதாவுமாக எண்ணெய் படிந்தாற்போல ஒரு நிறம். ராஜாக்களின் தலைமயிரும் தாடியும் இருட்டில் கிடந்தன. ஒவ்வொரு காசுக்கும் அடியில், அவருடைய முத்து முத்தான குமாஸ்தா எழுத்தில் தேசம், வருஷம், அச்சடித்த ஊர் என்று எழுதிய சிறு சீட்டு. இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கொண்டு இதையா பார்த்தார் என்று இருந்தது அவளுக்கு.

வெள்ளி அவளுக்குப் புதிதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பூஜை விளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் துலக்கி வந்தவள். செம்பூர்க் காற்றுக்கு வெள்ளி எட்டு நாள் தாங்காது. கறுத்த வெள்ளியைப் பார்த்தால் கை தானாக விபூதி டப்பாவுக்குப் போகும். பல்பொடியையும் விபூதியையும் ஒரு கிண்ணத்தில் குழைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். முதல் காசை எடுத்தாள். ஒரு கணம் கை நின்றது. என்றைக்கோ அவர் சொன்னது ஒன்று மனசின் ஓரத்துக்கு வந்து நின்றது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பித்தாள்.

மூன்று மத்தியானம் ஆயிற்று. ஒரு நாளுக்கு ஒரு தட்டு. விரலால் தேய்த்து, எழுத்து இடுக்குகளைப் பழைய பிரஷ்ஷால் குடைந்து, கழுவி, வேஷ்டித் துணியால் ஒற்றி, அதனதன் சீட்டின் மேல் அதனதன் குழியில் திரும்ப வைத்தாள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. நீலம் படர்ந்திருந்ததெல்லாம் கறுப்புத் தண்ணீராகச் சாக்கடையில் போயிற்று. கோகிலவாணி கூடமாட உதவ வந்தபோது வேண்டாமென்றுவிட்டாள். கோகிலவாணி சுவரில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, "இப்பத்தான் மாமி வெள்ளி மாதிரி இருக்கு" என்றாள்.

நான்காம் நாள் சாயங்காலம், மேற்கு வெயில் பால்கனி வழியாகக் கட்டில் மேல் விழுகிற நேரம் பார்த்து, முதல் தட்டைக் கொண்டுவந்து அவர் கண்ணுக்கு நேரே சாய்த்துப் பிடித்தாள். கூடத்துச் சுவரெல்லாம் வெளிச்சப் பொட்டுகள் ஓடின.

"ஏன்னா, இங்க பாருங்கோ. என்னன்னு தெரியறதா?"

அனந்தகிருஷ்ணனின் கண்கள் ஃபேனிலிருந்து இறங்கின. தட்டில் நிலைத்தன. இடது கை போர்வைக்கு வெளியே வந்து, நடுங்கி நடுங்கி, தட்டின் விளிம்பைத் தொட்டது. பிறகு அந்தப் பெண் முகக் காசின் மேல் விரல் போயிற்று. அப்புறம் தொண்டையிலிருந்து ஒரு சப்தம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவரிடமிருந்து வந்த முதல் சப்தம். இரண்டு கண்ணிலிருந்தும் நீர் காதுவரை வழிந்தது.

அம்மிணி அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. வந்தனாவுக்குப் போன் செய்து, அப்பா புரிந்துகொண்டார், காசைத் தொட்டார், சந்தோஷத்தில் அழுதார் என்று சொன்னாள். வந்தனா டாக்டரிடம் சொன்னாள். டாக்டரும் நல்ல அறிகுறி, தினமும் காட்டுங்கள் என்றார்.

தினமும் காட்டினாள். ஒரு நாள் ஒரு தட்டு என்று மாற்றி மாற்றி, ஒன்பது நாள். தினமும் அழுதார். ஐந்தாம் நாளிலிருந்து, அவள் தட்டோடு வருவதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தார். வெயில் கூசுகிறது போலிருக்கிறது என்று அவள் திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டுக் காட்டினாள்.

அப்ரார் நோன்பு மாதம் முழுக்க மெக்காவில் இருந்தார். பெருநாள் முடிந்து வந்தவர் நேரே செம்பூருக்கு வந்தார், ஒரு பை நிறையப் பேரீச்சம்பழத்தோடு. கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நண்பரின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். அம்மிணி காசுகளைக் காட்டி வருவதையும் அவர் அழுவதையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே போய்த் தட்டைக் கொண்டுவந்து அப்ராரின் மடியில் வைத்தாள்.

அப்ரார் தட்டைப் பார்த்தார். ஒரு காசை விளிம்பில் பிடித்து எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். திரும்ப வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"மாமி, இத யாரு தேச்சது?"

"நான்தான். ஏன்?"

"எல்லாத்தையுமா?"

"மூணு தட்டையும்."

அப்ரார் தட்டைத் தரையில் வைத்தார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நூற்றைம்பது அறுபது வருஷமாக ஒவ்வொரு காசின் மேலும் தானாகப் படிகிற தோல் அது என்றார். எந்த அலமாரியில் இருந்தது, எந்தக் கையில் இருந்தது, எந்த ஊர்க் காற்று பட்டது என்பதெல்லாம் அந்தக் கறுப்பில்தான் இருக்கும். அது போனால் காசு போயிற்று. முகத்தின் தோலை உரித்தது போல. சேர்க்கிறவன் எவனும் இனி இதைக் கையால் தொட மாட்டான். அந்த நீல ஓரத்துக்காகத்தான் சார் சில காசுகளை மூன்று வருஷம் காத்திருந்து வாங்கினார் என்றும் சொன்னார். சொல்லும்போது கட்டிலைப் பார்க்காமல் சொன்னார்.

அம்மிணி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நேக்குத் தெரியாதே. அவர் ஒருநாளும் எங்கிட்ட சொன்னதில்லையே" என்றாள்.

"தெரிஞ்சா பண்ணுவீயளா. விடுங்க மாமி. இனிமே சார்கிட்ட மட்டும் காட்டாதீய."

அம்மிணி தலையை ஆட்டினாள். அப்போதுதான் கட்டிலைப் பார்த்தாள். அனந்தகிருஷ்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேனைப் பார்க்கிற பார்வை இல்லை. முழுப் பிரக்ஞையோடு, அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்ட பார்வை.

ஏனென்றால் அவர் சொல்லியிருந்தார்.

தொண்ணூற்று நாலில், அம்மிணியின் தங்கை தைலா கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். சிரிப்பும் வாயுமாக இருப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே போய் அத்திம்பேரின் மேஜை மேலிருந்த ஒரு காசை எடுத்து, இப்படியா அழுக்காக வைத்திருப்பது என்று சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துவிட்டாள். அனந்தகிருஷ்ணன் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து சமையலறைக்கு வந்து, அம்மிணியைப் பார்த்து, தேய்த்தால் செத்துப்போகும் அது, வெள்ளி இருக்கும் காசு இருக்காது என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தைலாவோடு அவர் பேசவே இல்லை. அந்த லீவு முடிகிறவரை அவள் பரிமாறினால் சாப்பிடாமல் எழுந்து போனார். தைலா அதற்கப்புறம் பம்பாய்க்கு வரவே இல்லை. பதினேழு வருஷம் கழித்து அவள் புற்றுநோயில் போனபோது, அம்மிணி தனியாக ரயிலேறிப் போய்விட்டு வந்தாள். திரும்பி வந்த அன்று அனந்தகிருஷ்ணன் கேட்டது, வண்டி நேரத்துக்கு வந்ததா என்று மட்டும்.

அப்ரார் போன அன்று ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து அவர் அம்மிணியின் கையால் எதையும் வாங்கவில்லை. கஞ்சிக் கரண்டி உதட்டில் பட்டதும் வாய் இறுகிக்கொண்டது. மறுநாள் காலையிலும் அப்படித்தான். ஏழு மணிக்குக் கோகிலவாணி வந்து கொடுத்தபோது குடித்தார்.

"என் கையால குடுத்தா வாங்குதாரு மாமி. ஒங்களப் பாத்தா வாய மூடிக்கிடுதாரு. என்ன ஆச்சு?" என்று கோகிலவாணி கேட்டாள். அம்மிணி கஞ்சிக் கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணிக்கு லீவு. அன்று முழுக்க அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வந்தனா ஊட்டப் பார்த்தபோது, அம்மிணி கலந்து கொடுத்த கஞ்சி என்பதாலோ என்னவோ, அவளிடமும் இரண்டு கரண்டிக்கு மேல் வாங்கவில்லை. நாக்கில் ருசி போயிருக்கும் என்றாள் வந்தனா. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லிக் கோகிலவாணியைக் கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. அம்மிணிக்கு அப்ரார் அன்றைக்குப் போகிற போக்கில் சொன்ன இன்னொரு விஷயம் மனசைவிட்டுப் போகவில்லை. தேய்த்த காசைப் பழசு போலக் காட்ட, ஏமாற்றுக்காரர்கள் அவித்த முட்டையோடு டப்பாவில் போட்டு மூடி வைப்பார்கள், கறுத்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

ஒரு காலையில் கோகிலவாணியிடம், வீட்டில் ஆறு முட்டை அவித்துக் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள்.

கோகிலவாணி துடைப்பதை நிறுத்தினாள். "முட்டையா? ஒங்க வீட்டுக்கா? அய்யாவுக்கா மாமி?"

"அவருக்கில்ல. கொண்டு வா. வந்தனாகிட்ட சொல்லாதே."

அந்த வீட்டுக்குள் முட்டை வந்தது அன்றைக்குத்தான். சமையலறைக்குள் கொண்டுபோகாமல், குளியலறைத் தரையில் உட்கார்ந்து, அம்மிணி தன் கையால் ஓட்டை உரித்தாள். மஞ்சள் கருவைப் பிசைந்தாள். குமட்டிக்கொண்டு வந்தது, தலையைத் திருப்பி மூச்சை அடக்கிக்கொண்டு பிசைந்தாள். பழைய எவர்சில்வர் டப்பாவில் அதைப் பரப்பி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஏழு காசுகளை அடுக்கி மூடினாள். ஃபிராங்க்ஃபர்ட் பெண்ணும் அதில் இருந்தாள். ஒரு நாள் வைத்திருந்து திறந்தாள். முதலில் நாற்றம் வந்தது. காசுகள் மஞ்சளும் பழுப்புமாய், மயிலிறகு போலச் சில இடங்களில் நீலமுமாய் மாறியிருந்தன. இன்னும் ஒரு நாள் வைத்தாள். கறுத்துவிட்டன. கழுவித் துடைத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். நாற்றம் காசில் இருக்கிறதா, தன் விரலில் இருக்கிறதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் அந்த ஏழையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். கோகிலவாணி அவர் கால் பக்கம் நின்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்கோ. பழைய மாதிரி ஆயிடுத்து."

அனந்தகிருஷ்ணன் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் கையைப் பார்த்தார். மூக்கு விடைத்தது. பிறகு அவருடைய இடது பக்க வாய் மட்டும் மெல்ல விரிந்தது. உள்ளே இருந்து விட்டுவிட்டு ஒரு காற்று வந்தது. அது அழுகை இல்லை. அம்மிணிக்கு முதலில் விளங்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அரை முகத்தால், தோள் குலுங்க. சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சுத் திணறலாகி, கோகிலவாணி ஓடிவந்து அவரைத் தூக்கி உட்கார வைத்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. காசுகள் தரையில் சிதறி உருண்டன.

மூச்சு சமாதானமானதும் அம்மிணி கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். கோகிலவாணி இருக்கிறாள் என்று அவள் பார்க்கவில்லை.

"நேக்குத் தெரியும்" என்றாள். "தைலா தொடச்ச அன்னிக்கே சொன்னேள். மறக்கல. முதல் காசை எடுக்கறச்சேயே ஞாபகம் வந்தது. நிறுத்தியிருக்கலாம். அப்புறம் அறுபத்து ரெண்டு காசு இருந்தது, எங்க வேணா நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. நீங்க சந்தோஷப்படணும்னுதான் பண்ணினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுவும் நிஜம்தான். ஆனா அவ மூஞ்சியில முழிக்காம பதினேழு வருஷம் இருந்தேளே, அவ செத்தப்பவும் ஒரு வார்த்தை வரலயே, தேய்க்கறச்சே அதுவும் கையில இருந்தது. எது எவ்வளவுன்னு கேட்டா நேக்குச் சொல்லத் தெரியல."

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு எங்கோ போய்விட்டிருந்தது. தைலாவின் பெயர் அந்த வீட்டில் பேசப்பட்டு எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியாது. அவர் கண்ணில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா, அவளால் படிக்க முடியவில்லை. நெடுநேரம் கழித்து அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கோகிலவாணி குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒவ்வொரு காசாகப் பொறுக்கிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ஏழு எண்ணியாயிற்று என்று மட்டும் சொன்னாள்.

அன்று இரவு அம்மிணி கஞ்சிக் கரண்டியை நீட்டியபோது அவர் வாயைத் திறந்தார். கண்ணைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு மூன்று வேளையும் அவள் கையால் வாங்கிக்கொண்டார், கண்ணை மூடிக்கொண்டே. கோகிலவாணி துடைக்கும்போது திறப்பார், வந்தனா வந்தால் திறப்பார். அம்மிணியின் காலடி கேட்டால் மூடிக்கொள்வார். ஒரு தடவை அவள் செருப்பில்லாமல் சப்தமே இல்லாமல் போய் நின்று பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் இரண்டு நொடியில் மூடிக்கொண்டார். எப்படித் தெரிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அப்படியே திரும்பிவிட்டாள்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டபோது அவருக்குச் சளி கட்டிற்று. கஞ்சி நுரையீரலுக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். நான்கு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். கடைசி நாள் காலையில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அம்மிணி பார்த்தாள். கண் திறந்திருந்தது. உள்ளே போகலாம் என்று நர்ஸ் சொன்னாள். அம்மிணி வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வந்தனாவை உள்ளே அனுப்பினாள். பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது.

தீட்டுக் கழிந்து பதிமூன்றாம் நாள் சுபத்துக்கு மாட்டுங்காவிலிருந்தும் தாணேயிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாடகைக் கட்டில் திரும்பிப் போய்விட்டதால் கூடம் பெரிதாகத் தெரிந்தது. அப்ரார் வந்து, கதவோரத்து நாற்காலியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோகிலவாணியும் வந்திருந்தாள். அடுத்த வாரத்திலிருந்து முலுண்டில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு வேலை கிடைத்திருந்தது.

வந்தனா, கறுத்த ஏழும் இல்லாத தட்டு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். காசுகள் டியூப்லைட் வெளிச்சத்தில் மின்னின. ஒவ்வொன்றாய் கை மாறிப் போயிற்று. ஆளாளுக்குக் கட்டைவிரலால் ராஜாக்களின் முகத்தைத் தடவிப் பார்த்தார்கள். எவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று ஆச்சரியப்பட்டார்கள். வந்தனா சொன்னாள்: அப்பா கிடையாய்க் கிடந்தபோது அம்மா மூன்று நாள் தரையில் உட்கார்ந்து இத்தனையையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி அவருக்குக் காட்டினாள், பேச்சு மூச்சில்லாமல் இருந்த மனுஷர் தொட்டுப் பார்த்துச் சந்தோஷத்தில் அழுதார், தினம் தினம் அழுதார். சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது. தாணே அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மிணியின் கையைப் பிடித்தாள்.

"கடைசிக் காலத்துல இப்படி ஒரு சந்தோஷம் யார் குடுப்பா அம்மிணி?"

அப்ரார் தன் கைக்கு வந்த காசை, பார்க்காமலே, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். சமையலறை வாசலில் நின்ற கோகிலவாணி அம்மிணியைப் பார்த்தாள்; அம்மிணி திரும்பிப் பார்த்ததும் பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"அப்பா சந்தோஷமாத்தானே போனார், அம்மா?" என்றாள் வந்தனா.

கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றாள் அம்மிணி. அவர்களுக்குக் காப்பி கலக்க எழுந்து உள்ளே போனாள்.